மேனேஜர் இப்போதெல்லாம் வருவதில்லை

“மேனேஜர்… வாடா. வா ராஜா. இங்க பாரு, கேரட்.”

ஸ்டுடியோக்காரர் குப்புறப் படுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் கையை நீட்டியிருந்தார். கையில் கேரட். கேரட்டுக்கு அந்தப் பக்கம், சுவரோரத்து இருட்டில், இரண்டு கண்கள். அவை கேரட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தன. வேலை கேட்டு வந்தவனை உட்காரச் சொல்லலாமா, அப்படியே அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிற பார்வை.

பின்னால் துடைப்பத்துடன் மனைவி வந்து நின்றாள்.

“ஏங்க, நான் கூட்டணும். உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எழுந்திருங்க.”

“கூப்பிட்டா வர மாட்டேங்குதே.”

“நீங்களும்தான் நான் கூப்பிட்டா வர்றதில்ல. அதுக்காக நான் தரையில படுத்தேனா?”

அவர் எழுந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்கத் தூசி. அதைத் தட்டியபடி மறுபடி ஒருமுறை குனிந்து, “மேனேஜர்” என்றார், குரலில் கொஞ்சம் கெஞ்சல் கலந்து. மேனேஜர் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

மேனேஜர் என்பது முயல். மகள் முதல் வேலைக்குப் போன புதிதில் ஒரு சாயங்காலம் அட்டைப்பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். “எங்க மேனேஜர் மாதிரியே இருக்குப்பா. நாள் பூரா எதையாவது மென்னுக்கிட்டே இருக்கு. யாரையும் நம்பாம ஒரு பார்வை பார்க்குது. வேலைன்னு ஒண்ணும் கிடையாது” என்றாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் வெள்ளை; இடது காதில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு மச்சம். “மேனேஜர்” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் குதித்து வந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்று, ‘என்ன விஷயம், சீக்கிரம் சொல்லு’ என்பதுபோல் முகத்தைப் பார்க்கும்.

அப்புறம் மகளுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. போய்விட்டாள். அவள் தங்கிய விடுதியில் முயலுக்கு இடமில்லை என்றார்கள்.

முயல் இங்கேயே தங்கியது. அதையொட்டி ஒரு வழக்கமும் தங்கியது. தினமும் காலையில் ஸ்டுடியோவைத் திறக்கக் கிளம்புமுன், மேனேஜர் எழுந்து நிற்பதை ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார். ‘சாப்பிட்டியாம்மா’ என்று கேட்டால் ‘ம்’ என்று பதில் போடுகிற மகள், முயல் படத்துக்கு மட்டும் மளமளவென்று எழுதுவாள். ‘தொப்பையைப் பாருங்க’, ‘மூஞ்சியில என்ன திமிரு’, ‘எங்க ஆபீஸ்லயும் இன்னைக்கு இதே மூஞ்சிதான்பா’. அவருக்கு மகளைப் பற்றிய செய்தியெல்லாம் முயல் வழியாகத்தான் வந்தது. அவள் புதிதாகக் கண்ணாடி போட்டிருப்பதுகூட, ‘கண்ணாடி இல்லாம பார்த்தா பஞ்சு மூட்டை மாதிரி இருக்கான்’ என்று அவள் எழுதியதால்தான் தெரியும். அதைப் படித்த அன்று, ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்த ஆளிடம், “எம் பொண்ணும் கண்ணாடிதான்” என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார் என்று நினைத்துக் கழற்றிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட படம் எடுத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மேனேஜர் வந்தால்தானே எடுக்க? கூப்பிட்டால் வருவதில்லை. சாயங்காலம் வைக்கிற கீரை வைத்தபடி வாடிக் கிடக்கிறது. கூண்டுக்குள் விட்டால் பின்னங்காலால் தரையை டம் டம் என்று உதைக்கிறது. திறந்துவிட்டால் நேராக மகளின் அறைக்குப் போய் மூடிய கதவைப் பிராண்டுகிறது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. ஸ்டுடியோக்காரர் எடுத்தார்.

“சிண்டு, சொல்லும்மா.”

சிண்டு என்பது மகள். சின்ன வயதில் தலையில் முடியே வளராமல் உச்சியில் மட்டும் ஒரு கொத்து நின்றதால் வந்த பெயர். இப்போது அவளுக்குக் கீழே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்; இருந்தாலும் சிண்டு சிண்டுதான்.

சோபாவுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ பாய்ந்தது. மேனேஜர் நேராக அவர் காலடிக்கு வந்து, பழையபடி இரண்டு கால்களில் எழுந்து நின்று, இப்படியும் அப்படியும் திரும்பி யாரையோ தேடியது.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. மேனேஜர்… நீ பேசறேன்னு தெரிஞ்சதும் ஓடி வந்துட்டான்.”



“நிஜமாவாப்பா?”

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டால், வாசலில் குடையோடு அவர் நிற்பதைப் பார்த்ததும் வருகிற குரல். அதைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது.

போனை வைத்துவிட்டு முயலைப் பார்த்தார். அது நின்று தேடிவிட்டு, ஆள் இல்லை என்று தெரிந்ததும், மகள் அறைக் கதவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ஸ்டுடியோக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏக்கம். சுத்தமான ஏக்கம். அதைப் பார்த்து வருத்தப்பட்டார் என்று சொன்னால் முழு உண்மையாகாது. இந்த வீட்டில் தன்னைத் தவிர ஏங்குகிற ஜீவன் இன்னொன்று இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

ஏனென்றால் மனைவி வேறு மாதிரி. மகள் போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு அவர் பார்த்ததில்லை. மகளைப் பெயர் சொல்லிப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டாள். ‘உங்க பொண்ணு’ என்பாள், ஏதோ அவர் தனியாகப் பெற்றதுபோல்.

“உனக்கு அவ ஞாபகமே வரலையா?” என்று ஒருநாள் கேட்டார்.

“நாலு பாத்திரம் தேய்ச்சுப் பாருங்க. ஒரு ஞாபகமும் வராது” என்றாள்.

கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்கிற தைரியம் கல்யாணமான புதிதில் இருந்தது.

மறுநாள் முயலைக் கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் போனார். டாக்டரம்மா முயலைத் தூக்கி, வாயைத் திறந்து பல் பார்த்து, வயிற்றை அமுக்கி, எடை மெஷினில் வைத்தார்.

“எவ்வளவு நாளா சாப்பிடல?”

“ரொம்ப நாளாவே சரியில்ல டாக்டர். ராத்திரிக்கு வச்சது காலையில அப்படியே இருக்கு. பட்டினி.”

டாக்டரம்மா மெஷினைப் பார்த்தார். முயலை இறக்கி, மெஷினைத் தட்டிவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தார்.

“வெயிட் ஏறியிருக்கு.”

“ஏக்கத்துல ஊதுமா டாக்டர்?”

“மனுஷங்க ஊதுவாங்க. முயல் ஊதி நான் பார்த்ததில்ல.” அவர் முயலின் காதைத் தடவினார். “இதுக்கு ஒரு வியாதியும் இல்ல சார். முயல் பழக்கத்துக்கு அடிமை. அதோட நாள்ல ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. என்ன மாறிச்சுன்னு வீட்ல கேட்டுப் பாருங்க.”

“கேக்க என்ன இருக்கு? எம் பொண்ணு ஊருக்குப் போயிட்டா. அதான்.”

“எப்போ போனாங்க?”

“அது… மழைக்காலத்துக்கு முன்னாடி.”

“அப்போ போனவங்களுக்கு இது இப்பதான் ஏங்குதா?”

“லேட்டாப் புரிஞ்சிருக்கும் டாக்டர்” என்றார் ஸ்டுடியோக்காரர். “எனக்கே லேட்டாத்தான் புரிஞ்சது.”

டாக்டரம்மா அதற்கு மேல் வாதாடவில்லை. மகள் உடுத்திய துணி ஏதாவது இருந்தால் கூண்டில் போட்டுப் பார்க்கச் சொன்னார். வாசனை தெரிந்தால் சமாதானமாகும் என்றார். கிளம்பும்போது, “ஒருவேளை கடிக்க ஆரம்பிச்சா சொல்லுங்க. காயடிச்சு விட்டுடலாம், சாதுவாயிடும்” என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அறைக்குள் போனார். நாற்காலி முதுகில் அவளுடைய நீலச் சட்டை ஒன்று, கழற்றிப் போட்டபடி தொங்கியது. அதை எடுத்துக் கூண்டுக்குள் விரித்தார். மேனேஜர் சட்டைக்குள் புகுந்தது. மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் படுத்தது. உதைப்புச் சத்தம் நின்றது. ஸ்டுடியோக்காரர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கூண்டில் சட்டை இல்லை. சட்டைக் காலரும் இரண்டு பொத்தான்களும் இருந்தன. மீதியெல்லாம் கூடு கட்டுவதற்கு வாகாகத் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

மனைவி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரைக் கேட்டு இந்தச் சட்டையை எடுத்தீங்க?”

“டாக்டர்தான் சொன்னாங்க. பழைய சட்டைதானே?”

“துவைக்கக்கூட இல்லங்க இதை நான்.”

“அதனால என்ன? முயலுக்கு அழுக்குத் துணி பரவாயில்ல.”

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். சுத்தம் பார்க்கிறவள், துவைக்காத துணியை எடுத்ததில் கோபம் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். அன்று முதல் மகள் அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். “தூசி தட்ட நான் திறந்துக்கறேன். நீங்க ஒண்ணையும் தொட வேணாம்.”

பூட்டிய பிறகு மேனேஜருக்கு இன்னும் முற்றிப்போனது. சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் வீடு திரும்பும்போதெல்லாம் அந்த அறை வாசலில் மூட்டையாகப் படுத்திருக்கும். தூக்கப் போனால் கடித்தது. கட்டைவிரலில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு படம் எடுக்க உட்கார்ந்தவர்களிடம், “தாடையை இறக்குங்க” என்று விரலை ஆட்டும்போது, எல்லோரும் தாடையை விட்டுவிட்டு விரலையே பார்த்தார்கள். அந்த வாரம் அவர் எடுத்த படங்களில் இருந்தவர்களெல்லாம் எதற்கோ பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் கட்டடத்துக்கு வெளிச்சுவரில் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார்கள். கயிற்றில் தொங்கும் பலகையில் ஒரு பெயின்டர், மாடி மாடியாக, ஜன்னல் ஜன்னலாக இறங்கிக்கொண்டிருந்தார். “ஜன்னலைத் திறந்தா இவங்க, சாத்தினா புழுக்கம். ஒரு மனுஷி பகல்ல நிம்மதியா உக்கார முடியுதா?” என்று மனைவி அலுத்துக்கொண்டாள். அவள் பகலில் உட்காருவாள் என்பதே ஸ்டுடியோக்காரருக்குப் புதுச் செய்தி.

அடுத்த வைத்தியத்தை மகளே சொன்னாள். தன் குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். “மேனேஜர், சமர்த்தாச் சாப்பிடணும். அப்பாவைக் கடிக்கக் கூடாது. மேனேஜர், நான் சீக்கிரம் வந்துடுவேன்.” கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். மேனேஜர் தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

கடைசி வாக்கியத்தை மட்டும் அவரே நிறைய தடவை கேட்டார் என்பது வேறு விஷயம்.

“பாரேன், சிண்டு குரலையே மதிக்க மாட்டேங்குது” என்று மனைவியிடம் குறைப்பட்டார்.

சொல்லி முடிக்கவில்லை, மேனேஜர் விருட்டென்று நிமிர்ந்து, காதுகளை விறைத்துக்கொண்டு, அறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி வந்தது.

“பார்த்தியா? பேரை எடுத்தாலே துடிக்குது. பதிவு பண்ணின குரல்னு அதுக்குத் தெரியுது. ஏமாத்த முடியல. நேர்ல பேசணும்ங்குது.”

மனைவி திடீரென்று கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது போன் வைபவம். காலையில் ஒன்று, கடைக்குப் போகுமுன் ஒன்று, திரும்பி வந்து ஒன்று. ஒவ்வொரு தடவையும் “சிண்டு, பேசும்மா” என்று அவர் சொன்னதும் முயல் வந்து நிற்கும், மகள் நெகிழ்ந்துபோவாள், நெகிழ்ச்சியில் இரண்டு வார்த்தை கூடப் பேசுவாள். அவளுக்கு இருமல் இருப்பது தெரிந்தது. பக்கத்து அறைக்காரி குறட்டை விடுவது தெரிந்தது. ஆபீசுக்கு நடந்தே போகிறாள் என்பதும், வழியில் ஒரு வீட்டு வாசலில் முயல் ஒன்றைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள் என்பதும் தெரிந்தது. ஸ்டுடியோக்காரரின் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வாரம் சமீபத்தில் வந்ததில்லை. முயல் மட்டும் தேறவில்லை. அதுபற்றி அவர் அவசரப்படவும் இல்லை.

போன் வரும்போதெல்லாம் மனைவி பக்கத்து மேஜையைத் துடைப்பாள். பேச்சு நீண்டால் துடைப்பதும் நீளும். அந்த மேஜையில் முகம் பார்க்கலாம்.

“நீயும் பேசேன்” என்று போனை நீட்டுவார்.

“எனக்குப் பேச என்ன இருக்கு? சாப்பிட்டாளான்னு மட்டும் கேளுங்க.”

நல்ல வாரம் புதன்கிழமையோடு முடிந்தது. அன்று முயல் அவருடைய இன்னொரு கட்டைவிரலையும் கடித்துவிட்டது. பதறிப்போய், நேரம் காலம் பார்க்காமல் மகளைக் கூப்பிட்டார். அவள் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தாள். அவளுடைய போன் கூட்ட அறையின் ஒலிபெருக்கியோடு இணைந்திருந்தது. அழைப்பு தானாகவே இணைந்துவிட, அவள் பாய்ந்து அணைப்பதற்குள், அறை முழுக்க ஒரு தகப்பனின் குரல் கேட்டது:

“சிண்டு, மேனேஜர் தொல்லை தாங்க முடியலம்மா. கடிக்கிறான். காயடிச்சுட்டா சாதுவாயிடுவான்னு டாக்டர் சொல்றாங்க. உனக்குச் சம்மதமா?”

மேஜையின் தலைமாட்டில் அவளுடைய மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அவள் பேசியபோது குரலில் மழையும் இல்லை, குடையும் இல்லை.

“அப்பா, இது சரிப்படாது. உங்களாலயும் முடியல, அதாலயும் முடியல. என் பிரெண்டு ஒருத்தி அங்கேயேதான் இருக்கா. அவ வீட்டுத் தோட்டத்துல நாலஞ்சு முயல் வளருது. அவகிட்ட குடுத்துடலாமான்னு பார்க்கறேன்.”

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா.”

“கை ரெண்டுலயும் பிளாஸ்டர் போட்டுக்கிட்டு சொல்றீங்க.”

“நல்லாயிடுவான். நாளைக்கே பாரு, பழையபடி நிப்பான். படம் அனுப்பறேன்.”

“சரி, அனுப்புங்க. பார்க்கலாம்.”

போனை வைத்தபிறகு ஸ்டுடியோக்காரர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். முயல் போய்விட்டால் காலையில் அனுப்ப என்ன இருக்கும்? ‘சாப்பிட்டியாம்மா’ இருக்கும். அதற்கு ‘ம்’ வரும். அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்டுடியோவில் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஹாலைப் புதிதாக ஒரு படம் எடுத்து வந்திருந்தார். பழைய படம் ஒன்றிலிருந்து, எழுந்து நிற்கிற மேனேஜரை மயிர் மயிராக வெட்டியெடுத்து அதில் நிறுத்தினார். நிழல் போட்டார். மீசையைக் கூர்மையாக்கினார். கண்ணில் ஒரு வெளிச்சம் வைத்தார். அசல் மேனேஜரே பார்த்தால் பொறாமைப்படும். எத்தனையோ பேரை அவர்களைவிட நன்றாகக் காட்டிய கை. பெருமூச்சு விட்டு அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. எழுத்தில் இல்லை, போனே வந்தது.

“அப்பா, காதுல மச்சம் எங்க?”

ஸ்டுடியோக்காரர் படத்தைப் பார்த்தார். மச்சம் இல்லை. வேலை தேடுகிறவர்களின் முகத்திலிருந்து பருவையும் தழும்பையும் வருஷக்கணக்காக அழித்துப் பழகிய விரல், முதலாளியைக் கேட்காமலே முயலின் மச்சத்தையும் அழித்திருந்தது.

“அப்பா, உண்மையைச் சொல்லுங்க. மேனேஜர் செத்துட்டானா? வேற முயல் வாங்கி வச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா. அவன்தான். மச்சத்தை நான்தான்… கைப்பழக்கம். படம் பழசு.”



“என்கிட்ட பொய்யெல்லாம் சொல்ல மாட்டீங்களேப்பா நீங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. “அவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு தெரியாம போச்சு. ஞாயித்துக்கிழமை அவ வந்து எடுத்துக்கிட்டுப் போவா. அம்மாவுக்கும் தொந்தரவு விட்டுச்சு.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி கொஞ்சம் நின்றது.

“உங்க பொண்ணு இஷ்டம்” என்றாள். கத்தி மறுபடி ஓடியது. அன்று எல்லாவற்றையும் முயல் தின்கிற அளவுக்குப் பொடியாக நறுக்கி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி ஒரு வாளித் துணியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குக் கிளம்பினாள். அதில் பாதித் துணி நேற்றே துவைத்துக் காய்ந்தது.

“அந்தப் பொண்ணு வர்ற நேரம். நீ இருக்க வேண்டாமா?”

“நான் எதுக்கு? எனக்கும் அதுக்கும் என்ன?” மேஜையின் மேல் மூடிபோட்ட டப்பா ஒன்றை வைத்தாள். “வழியில பசிக்கும். இதைக் குடுத்துவிடுங்க.”

படியேறும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

தோழி கூடையோடு வந்தாள். கையில் போன், போனில் மகளின் முகம், கண்ணாடியோடு. சின்னதாக, கொஞ்சம் இளைத்து.

“வணக்கம் அங்கிள். எங்க ஆளு?”

ஆளைக் காணவில்லை. சோபாவுக்கு அடியில் இல்லை. கூண்டில் இல்லை. தேடிக்கொண்டு போனால், என்றும் பூட்டியிருக்கும் மகள் அறை இன்று லேசாகத் திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில், சுவரோடு சுவராக, வெள்ளையாக ஒரு மூட்டை.

ஸ்டுடியோக்காரர் மறுபடியும் குப்புறப் படுத்தார். பிளாஸ்டர் போட்ட இரண்டு கைகளையும் உள்ளே நீட்டினார்.

“மேனேஜர்…”

வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒருவனை ‘வா’ என்று கூப்பிடுவது எவ்வளவு கஷ்டமென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ரயில் நிலையத்தில் மகளின் பெட்டியை ஏற்றிவிட்டு, “நேரமாச்சு, ஏறும்மா” என்று சொன்னதும் இந்தக் குரலில்தான்.

“நான் கூப்பிடறேன் அங்கிள்.” தோழி மண்டியிட்டாள். “மேனேஜர், மேனேஜர், பஸ் பஸ் பஸ்…”

“அது பூனைக்கு” என்றாள் மகள் போனிலிருந்து. “என்னைக் கீழே காட்டு. மேனேஜர், வாடா. நான்தான். மேனேஜர்…”

கட்டிலுக்கு அடியில் ஒரு காது அசைந்தது, அவ்வளவுதான். மூக்கு மட்டும் வேகவேகமாகத் துடித்தது. தோழி டப்பாவைத் திறந்து கேரட்டை நீட்டினாள். அது சீண்டவில்லை.

“என்னை மறந்துட்டான்பா” என்றாள் மகள். சிரித்தபடி சொல்லப் பார்த்தாள், சரியாக வரவில்லை.

“உன்னை மறக்கலம்மா. உன்னை நினைச்சுத்தான் இப்படி ஆயிட்டான்” என்றார் ஸ்டுடியோக்காரர் தரையில் கன்னத்தை வைத்தபடி. “இந்த வீட்ல எனக்கு அடுத்தபடியா உனக்காக ஏங்கறது அவன் ஒருத்தன்தான். அதான் அனுப்ப…”

முகத்தைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் நுழைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் பலகை சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. பெயின்டர் கம்பிக்குப் பூசிக்கொண்டிருந்த பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, நால்வரையும் ஒரு பார்வை பார்த்தார்: தரையில் கிடப்பவரை, மண்டியிட்டிருப்பவளை, போனுக்குள் இருப்பவளை, கட்டிலுக்கு அடியில் இருப்பதை.

“அது என்ன சார், மேனேஜர் மேனேஜர்னுட்டு? அதோட பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க” என்றார். “தினம் மத்தியானம் அந்தம்மா இந்தக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, ‘சிண்டு, சாப்பிட்டியாடி’ன்னு மெதுவாக் கேட்டாலே போதும், எங்க இருந்தாலும் ஓடி வந்து மடியில ஏறிக்குமே.”